ஏர் சஸ்பென்ஷனுக்கு எந்தப் பம்ப்? சில வகைகளின் ஒப்பீடு

மலைப்பாதைச் சைக்கிளில், அடைத்த காற்றால் அதிர்வைத் தாங்கும் முன் ஃபோர்க்கிலும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பின் ஷாக்கிலும் உள்ள வால்வு, கார் டயரில் இருக்கும் அதே ஷ்ரேடர் வகைதான். அதனால் புதிதாக இப்படியொரு சைக்கிள் வாங்கியவர் முதலில் கேட்பது, வீட்டில் டயருக்குக் காற்றடிக்கும் ஸ்டாண்ட் பம்ப் இருக்கும்போது தனியாக ஒரு ஷாக் பம்ப் எதற்கு என்பதுதான். இதற்குக் கணக்கே விடை சொல்லிவிடும். ஸ்டாண்ட் பம்பின் உருளை ஏறத்தாழ 30 மி.மீ. விட்டம் கொண்டது என்று வைத்துக்கொண்டால், 250 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தை எதிர்த்து அதன் கைப்பிடியை அழுத்த 120 கிலோவுக்கு மேல் எடை தேவைப்படும். ஷாக் பம்பின் 10 மி.மீ. உருளையில் அதே வேலைக்கு 14 கிலோ போதும். மேலும், ஸ்டாண்ட் பம்பின் ஒவ்வொரு அழுத்தலும் உள்ளே தள்ளும் காற்று, ஷாக்கின் சிறிய அறைக்கு மிக அதிகம். இரண்டு பிஎஸ்ஐ மட்டும் கூட்ட நினைத்தால் முடியாது. பெட்ரோல் பங்க்கின் காற்றுக்குழாயை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆகவே உண்மையான போட்டி ஷாக் பம்புகளுக்குள்ளேதான், குறிப்பாக முள் காட்டும் கேஜுக்கும் (அழுத்தமானிக்கும்) டிஜிட்டல் கேஜுக்கும் இடையில்தான் நடக்கிறது. முள் கேஜ் பம்பு விலை குறைவு, பேட்டரி வேண்டாம், பையில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஆனால் வாங்கும்போது பெரும்பாலோர் செய்யும் பிழை, அதிகபட்ச அழுத்தம் கூடுதலாக உள்ள பம்பே சிறந்தது என்று எண்ணுவதாகும். கடைகளில் 300 பிஎஸ்ஐ முதல் 600 பிஎஸ்ஐ வரை அளவுகோல் கொண்ட கேஜ்கள் கிடைக்கின்றன. முள் சுற்றிவரும் வட்டம் சுமார் 270 பாகை என்றால், 600 பிஎஸ்ஐ கேஜில் 5 பிஎஸ்ஐ வேறுபாட்டுக்கு முள் இரண்டேகால் பாகைதான் நகரும். 300 பிஎஸ்ஐ கேஜில் நாலரை பாகை நகரும். எடை குறைந்த ஒருவரின் ஃபோர்க்கில் 60 பிஎஸ்ஐ அளவே காற்று இருக்கும்போது, அந்த இரண்டேகால் பாகையைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. முள் கேஜ்களின் பிழையும் பெரும்பாலும் முழு அளவுகோலின் விழுக்காடாகவே சொல்லப்படுகிறது. 3 விழுக்காடு என்றால் முதலாவதில் 18 பிஎஸ்ஐ, இரண்டாவதில் 9 பிஎஸ்ஐ.

டிஜிட்டல் கேஜ் ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் காட்டுவதால் ஃபோர்க்கில் அதன் நன்மை உடனே தெரியும். எனினும் திரையில் 73 என்று தெளிவாகத் தெரிவதாலேயே உள்ளே இருப்பது 73தான் என்று நம்பிவிடக் கூடாது. நுணுக்கமாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. நல்ல வேளையாக, இறுதித் தீர்ப்பைச் சொல்வது பம்ப் அல்ல, ஃபோர்க்கின், ஷாக்கின் தண்டில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்; நீங்கள் ஏறி அமர்ந்ததும் எவ்வளவு அமுங்கியது என்பதை அது நகர்ந்த தூரம் காட்டிவிடும். மொத்தம் 150 மி.மீ. அமுங்கக்கூடிய ஃபோர்க்கில் உங்கள் எடைக்கு 20 விழுக்காடு அமுங்க வேண்டுமென்றால் ஓ-ரிங் 30 மி.மீ. நகர வேண்டும், 55 மி.மீ. ஸ்ட்ரோக் (முழு அமுங்கல் தூரம்) உள்ள பின் ஷாக்கில் 30 விழுக்காடு என்பது பதினாறரை மி.மீ. அந்த அளவு வந்தபோது பம்ப் காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டு, எப்போதும் அதே பம்பையே பயன்படுத்தினால், கேஜ் 5 பிஎஸ்ஐ தவறாகக் காட்டினாலும் நமக்கு இழப்பில்லை. நண்பரின் பம்பை இரவல் வாங்கும்போதுதான் குழப்பம் வரும்.

வால்வோடு பொருந்தும் தலைப்பகுதியை விலைப்பட்டியலில் யாரும் கவனிப்பதில்லை. எனக்கும் அது தாமதமாகத்தான் புரிந்தது. முதல் மாதத்தில், முந்தைய வாரம் 160 பிஎஸ்ஐயில் விட்ட ஷாக்கில் பம்பைத் திருகியதும் கேஜ் 145 காட்டியது. கழற்றும்போது ‘புஸ்’ என்ற ஓசையும் வந்தது. சீல் போய்விட்டது என்று நினைத்து ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றேன். அங்கும் சீலை மாற்றிக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். உண்மையில் ஷாக்கின் காற்றில் ஒரு பகுதி பம்பின் காலிக் குழாயை நிரப்பப் போனதால்தான் எண் குறைந்தது. கழற்றும்போது கேட்ட ஓசையும் அந்தக் குழாயில் இருந்த காற்று வெளியேறியதுதான். இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது: அழுத்தத்தைச் ‘சும்மா சரிபார்ப்பது’ என்பதே கிடையாது, பம்பை மாட்டினால் மறுபடி ஏற்றியே ஆக வேண்டும். டோபீக் பாக்கெட்ஷாக் டிஎக்ஸ்ஜி போன்ற சில பம்புகளில் தலையை முதலில் திருகிப் பொருத்தி, பிறகு தனியாக ஒரு பகுதியைத் திருகி வால்வு ஊசியை அழுத்தலாம். கழற்றும்போது ஊசி முதலில் மூடிக்கொள்வதால் ஷாக்கின் காற்று தப்பாது. டிஜிட்டலா முள்ளா என்பதைவிட இந்த வசதிக்கே நான் கூடுதல் பணம் கொடுப்பேன்.

மின்கலத்தில் இயங்கும் சிறு பம்புகளில் பல டயருக்கானவை, 120 முதல் 150 பிஎஸ்ஐயில் நின்றுவிடும். பின் ஷாக்குக்கு எட்டாது. ஷாக்குக்கென்றே வருபவை வேலையைச் செய்யும், ஆனால் ஆண்டுக்குச் சில முறை செய்யும் வேலைக்கு அந்த விலை எனக்கு நியாயமாகப் படவில்லை.

பயணத்தில் பம்பைத் தூக்கிச் செல்ல வேண்டுமா? கோவையில் 32 டிகிரி வெயிலில் 80 பிஎஸ்ஐ வைத்து, 15 டிகிரி குளிரில் ஊட்டிக்குப் போனால், குளிரால் சுமார் 5 பிஎஸ்ஐ குறையும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கணக்கில் சுமார் 3 பிஎஸ்ஐ கூடும். மிச்சம் இரண்டு பிஎஸ்ஐதான், அதற்காகப் பையை நிரப்ப வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று வாங்குவதானால், 300 பிஎஸ்ஐ அளவுகோலும் இரண்டு கட்டத் தலையும் கொண்ட முள் கேஜ் பம்பே என் தேர்வு; எடை குறைந்தவர்களுக்கு மட்டும் டிஜிட்டல். எதுவானாலும், சைக்கிளையும் கடைக்குக் கொண்டுபோய், சைக்கிள் ஃபிரேமின் இடுக்கில் ஒளிந்திருக்கும் பின் ஷாக் வால்வில் அந்தத் தலை நுழைந்து திருகுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.