டிஎன்ஏ டெஸ்ட் கிட்டும் எங்கள் வீட்டுக் 'கிடங்கு வாடகை'யும்

வீட்டிலிருந்தே செய்யும் டிஎன்ஏ வம்சாவளி டெஸ்ட். எனக்கு, அப்பாவுக்கு, அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு என்று மூன்று கிட் வாங்கினேன். துப்புவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. வயதானவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும், குழாயில் உள்ள கோடுவரை லேசில் நிரம்பாது. கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துவிட்டால் கொஞ்சம் ஊறும். பாட்டிக்கு இருபது நிமிடம் ஆனது. "இதெல்லாம் இப்ப எதுக்குடா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான் அப்போதே நிறுத்தியிருக்கலாம்.

முன்னோர் எந்தப் பகுதி என்று வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் வரும். அதைப் பெரிதாக நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி சதவீதம் மாறும். நெருங்கிய உறவில் மட்டும் கணக்கு பிசகுவதில்லை. அப்பாவின் பட்டியலில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, 26 சதவீதப் பொருத்தம். என் பட்டியலில் அவரே 12. பாட்டியின் பட்டியலில் ஆளே இல்லை. அந்தப் பெண்மணிக்கு அப்பாவைவிட இரண்டு வயதுதான் குறைவு. சரி, வேறென்ன, ஹாலில் ஆளுயரப் படமாக நிற்கும் தாத்தாவின் மகள்.

உறவினர்களைக் காட்டச் சம்மதமா என்ற கேள்விக்கு, படிக்காமல் 'ஆம்' அழுத்தியது நான்தான். ஆனால் "வாழ்த்துகள், புதிய உறவினர்!" என்று அப்பாவுக்கே மெயில் போனது கொடுமை. உமிழ்நீரைச் சேமித்து வைக்கலாமா என்பதையும் நின்று படியுங்கள். 2023இல் இதே டெஸ்ட் செய்யும் ட்வென்டித்ரீ அண்ட் மீ நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

துல்லியத்துக்கு ஐந்து நட்சத்திரம். அந்த மெயிலுக்கு ஒன்று.

சித்தப்பா முதலில் கேட்டது உயிலைப் பற்றி. அத்தை, "வெளியே மூச்சு விடாதே, நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு" என்றார். அந்தப் பேருக்காகத்தான் அவரும் ஒருவரை மறந்துவிட்டு வந்தார். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. பழைய கணக்கு நோட்டுகளை இறக்கிப் புரட்டினார். மாதா மாதம் 'கிடங்கு வாடகை' என்று ஒரு வரி. எங்களுக்குக் கிடங்கு எதுவும் இருந்ததே இல்லை. தாத்தா போன பிறகும் பதினோரு வருடம் அந்த வரி நிற்கவில்லை. எல்லாம் பாட்டியின் கையெழுத்து.