விலையில் தெரியாத கட்டணம்: விடுமுறை வீடுகளுக்கான ஒரு முன்பதிவுத் தளம் பற்றிய மதிப்பீடு

வெளிநாட்டில் சில நாட்கள் தங்குவதற்கு வீடுகளையும் அடுக்ககங்களையும் வாடகைக்கு ஏற்பாடு செய்து தரும் பெரிய இணையதளங்களுள் ஒன்றை நான் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஏனெனில் நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஒரு தளத்துக்கு மட்டும் உரியதன்று. வீட்டைத் தேடித் தருவதில் அத்தளம் சிறப்பாகச் செயல்படுகிறது. படங்கள் நம்பத்தக்கவையாக உள்ளன, உரிமையாளர்கள் விரைவாகப் பதில் தருகிறார்கள், ரத்து செய்வதற்கான நிபந்தனைகள் முதல் பக்கத்திலேயே தெளிவாகக் காணக் கிடைக்கின்றன. இவ்வளவு கவனமாக அமைக்கப்பட்ட ஒரு சேவை, பணம் செலுத்தும் கட்டத்துக்கு வந்ததும் நாணய மாற்று என்ற ஒரே விஷயத்தில் மட்டும் வாடிக்கையாளரை இருட்டில் விட்டுவிடுகிறது என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

கட்டணப் பக்கத்தை வரிவரியாகப் படித்துப் பார்த்தால் இது விளங்கும். ஓர் இரவுக்கான வாடகை, இரவுகளின் எண்ணிக்கை, துப்புரவுக் கட்டணம், தளத்தின் சேவைக் கட்டணம், உள்ளூர் வரி ஆகியவை தனித்தனி வரிகளாக வருகின்றன. அவற்றின் கீழே மொத்தத் தொகை தடித்த எழுத்தில் நிற்கிறது. வீட்டு உரிமையாளர் தம் வாடகையை யூரோவில் நிர்ணயித்திருந்தாலும், பார்ப்பவரின் இருப்பிடத்தை வைத்துத் தளம் தானாகவே அவருடைய நாணயத்தில் எல்லாவற்றையும் மாற்றிக் காட்டுகிறது. எந்த விகிதத்தில் மாற்றியது, அந்த விகிதத்துக்குள் தன் பங்காக எவ்வளவு சேர்த்துக்கொண்டது என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வரியும் கிடையாது. மொத்தத் தொகைக்குக் கீழே சாம்பல் நிறத்தில், மற்ற எழுத்துகளைவிடச் சிறியதாக, மாற்று விகிதத்தில் கட்டணம் அடங்கியிருக்கக்கூடும் என்ற வாசகம் மட்டும் இருக்கிறது. எத்தனை சதவீதம் என்று அறிய விரும்புபவர் அங்கிருந்து விதிமுறைகள் பக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து இன்னொரு பக்கத்துக்குச் செல்ல வேண்டும். துப்புரவுச் செலவைக்கூடத் தனி வரியில் காட்டத் தெரிந்த நிறுவனத்துக்கு இதைக் காட்டத் தெரியாது என்று என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.

இதன் விளைவு என்ன என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்க்கலாம். வீட்டின் மொத்த வாடகை 1,000 யூரோ என்றும், சந்தையில் அன்றைய விகிதப்படி ஒரு யூரோவுக்கு 1.10 டாலர் என்றும், வாடிக்கையாளர் டாலரில் செலுத்துகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். நேர்மையான மாற்றுத் தொகை 1,100 டாலர். தளம் தன் விகிதத்தில் 3 சதவீதம் கூட்டி வைத்தால் அது 1,133 டாலராகிவிடும். அத்துடன் முடிந்துவிடாது. பணத்தைப் பெறும் நிறுவனம் வேறொரு நாட்டில் பதிவு பெற்றதாக இருந்தால், தொகை வாடிக்கையாளரின் சொந்த நாணயத்திலேயே வசூலிக்கப்பட்டிருந்தாலும், பல வங்கிகள் அதை வெளிநாட்டுப் பரிவர்த்தனையாகவே கருதித் தம் கட்டணத்தைச் சேர்க்கின்றன. அதுவும் 3 சதவீதமாக இருந்தால் கடன் அட்டைக் கணக்கில் ஏறும் தொகை ஏறத்தாழ 1,167 டாலர். சொந்த நாணயத்தில் செலுத்திவிட்டோம், ஆகவே மாற்றுக் கட்டணம் இல்லை என்று நிம்மதியடைந்தவர் உண்மையில் ஒரே செலவுக்கு இரண்டு இடங்களில் பணம் கொடுத்திருக்கிறார். முன்பதிவின்போது இரண்டில் ஒன்றையும் அவருக்கு யாரும் எண்ணாகச் சொல்லவில்லை.

யூரோவிலேயே செலுத்தியிருந்தால் நிலைமை வேறு. அப்போது மாற்றுவது விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனம். அவற்றின் விகிதங்கள் பெரும்பாலும் சந்தை விகிதத்துக்கு மிக அருகில் இருக்கும். இரண்டு நிறுவனங்களும் அவற்றைத் தம் இணையதளங்களில் யாரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. அதற்கு மேல் வாடிக்கையாளரின் வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கும்; பல அட்டைகளில் அது 1 முதல் 3 சதவீதம் வரை உள்ளது, சில அட்டைகளில் அறவே இல்லை. ஆக, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாத அட்டை ஒன்றை வைத்திருப்பவர் வீட்டு உரிமையாளரின் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் அதே வீட்டுக்கு 1,100 டாலருக்குச் சற்று முன்பின்னாகவே செலவழிப்பார். இந்தத் தெரிவை வாடிக்கையாளருக்கு எளிதாக்க வேண்டியது தளத்தின் கடமை. மாறாக, நாணயத்தை மாற்றும் வசதி கட்டணப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. முகப்புப் பக்கத்தின் அடியில், மொழித் தெரிவுக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. அங்கே மாற்றிவிட்டுத் திரும்பினாலும், கணக்கில் சேமித்து வைத்த அட்டையைத் தேர்ந்தெடுத்தவுடன் நாணயம் பழையபடி மாறிவிடுவதைக் கண்டேன். கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் தொகைக்கு முன்னால் எந்த நாணயக் குறி இருக்கிறது என்பதை இன்னொரு முறை பார்ப்பது அத்தளத்தில் கட்டாயத் தேவை.

பணம் திரும்பி வரும்போது நேரும் இழப்பைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. எனக்கோ அதுவே மிகுந்த வருத்தம் தருவதாக இருக்கிறது. கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்று பெரிய எழுத்தில் வாக்களிக்கும் வீடுகள் உண்டு. மேற்சொன்ன கணக்கில் அந்த 1,000 யூரோவும் முழுமையாகத் திருப்பித் தரப்படுகிறது என்று கொள்வோம். திரும்பி வரும் தொகையைத் தளம் அன்றைய விகிதத்தில், இப்போது எதிர்த்திசையில் தன் பங்கைக் கழித்துக்கொண்டு மாற்றுமானால், சந்தை விகிதம் இம்மியும் அசையாமல் இருந்தாலும் கிடைப்பது 1,067 டாலர். வங்கி தான் வசூலித்த கட்டணத்தைத் திருப்பித் தராவிட்டால், ஏறிய தொகைக்கும் இறங்கிய தொகைக்கும் இடையே 100 டாலர் காணாமல் போகிறது. வீட்டு வாசலைக்கூட மிதிக்காத ஒருவர் இதைச் செலவழித்திருக்கிறார். இடைப்பட்ட காலத்தில் யூரோவின் மதிப்பு சரிந்தால் இழப்பு இன்னும் பெருகும். உயர்ந்தால் ஓரளவு ஈடாகலாம் என்பது உண்மைதான், ஆனால் கட்டணமின்றி ரத்து என்று நம்பியவர் நாணயச் சந்தையில் பந்தயம் கட்ட வந்தவரல்லர்.

சேதத்துக்கான முன்வைப்புத் தொகையிலும் இதே நிலைதான். சில உரிமையாளர்களின் தொகை அட்டையில் வெறும் பிடித்தமாக நிறுத்திவைக்கப்பட்டுப் பிறகு விடுவிக்கப்படுகிறது. அதில் மாற்று இழப்பு பொதுவாக இல்லை. வேறு சிலருக்கு அது முழுமையாக வசூலிக்கப்பட்டு, தங்கி முடித்தபின் தனிப் பரிவர்த்தனையாகத் திருப்பித் தரப்படுகிறது. இந்த இரண்டாம் வகையில், ஒரு குவளைகூட உடையாமல் வீட்டை ஒப்படைத்தவரும் இரு முறை நாணய மாற்றுக்கு உள்ளாகிக் குறைந்த தொகையைப் பெறுகிறார். எந்த வீட்டுக்கு எந்த முறை என்பதை முன்பதிவுக்கு முன் தளம் சொல்வதில்லை. உரிமையாளரிடம் செய்தி வழியாகக் கேட்டுத்தான் அறிய முடிகிறது. பாதித் தொகையை இப்போதும் மீதியைப் பயணத்துக்கு முன்பும் செலுத்தும் வசதியிலும் இரண்டாம் தவணை அன்றைய விகிதத்தில் கணக்கிடப்படும் என்பதால், முன்பதிவின்போது கண்ட மொத்தத் தொகை உறுதியானதன்று. இதுவும் சிறிய எழுத்தில்தான் உள்ளது.

இவற்றையெல்லாம் விளக்கமாகக் கேட்டு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பதில் பணிவாகவும் விரைவாகவும் வந்தது. ஆனால் பயனர் தாமே நாணயத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. தளம் தானாக நிரப்பி வைத்ததை வாடிக்கையாளரின் தெரிவு என்று அழைப்பது நியாயமன்று. இந்த வாதம் நீதிமன்றம் வரை சென்ற வரலாறும் உண்டு. 2018 ஜனவரி முதல் 2021 ஆகஸ்ட் வரை ஏர்பிஎன்பி நிறுவனம் ஆஸ்திரேலியப் பயனர்கள் சிலருக்கு விலையை அமெரிக்க டாலரில், ஆனால் அமெரிக்க டாலர் என்று தெளிவாகக் குறிப்பிடாமல், வெறும் டாலர் குறியுடன் காட்டியது. அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், 2023 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் 1.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அதே அளவு வரை இழப்பீடு தரவும் ஏற்பாடாயிற்று. ஒரு குறியீட்டின் பக்கத்தில் நாட்டின் பெயர் இல்லாமல் போனதற்கான விலை அது.

அட்டை நிறுவனங்களும் வங்கிகளும் இவ்விஷயத்தில் தூய்மையானவை என்று சொல்வதற்கில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளில் மாற்றுக் கட்டணத்தை மறைத்து வசூலித்ததாக அமெரிக்காவில் விசா, மாஸ்டர்கார்டு மற்றும் பல வங்கிகள் மீது தொடரப்பட்ட கூட்டு வழக்கு, 2006இல் 33.6 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இன்று அட்டைக் கணக்கு அறிக்கைகளில் வெளிநாட்டுக் கட்டணம் தனி வரியாக வருவதைப் பார்க்கும்போது, வெளிப்படைத்தன்மை தானாக வருவதில்லை, கேட்டுப் பெறப்படுவது என்பது புலப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு படி மேலே சென்றது. அதன் 2019/518 எண்ணுள்ள ஒழுங்குமுறைப்படி, 2020 ஏப்ரல் 19 முதல், அட்டை வழியான நாணய மாற்றுக்கு வசூலிக்கப்படும் மொத்தக் கட்டணத்தை ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடும் மேற்கோள் விகிதத்துக்கு மேல் எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். மத்திய வங்கி அந்த விகிதங்களை வேலை நாட்களில் மாலை நான்கு மணியளவில் எவரும் காணும்படி வெளியிடுகிறது. ஒரே அளவுகோலை எல்லோருக்கும் பொதுவாக்கியதுதான் இதன் சிறப்பு. இரண்டு விலைகளைப் பயணியே ஒப்பிட்டுக்கொள்ள அது போதும். எல்லா முன்பதிவுத் தளங்களும் எல்லா நாட்டவருக்கும் இதே வடிவில் ஒரு வரி சேர்ப்பதில் தொழில்நுட்பச் சிரமம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அத்தகைய வரி வரும்வரை பயனர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உரிமையாளர் விலை நிர்ணயித்த நாணயத்துக்குப் பக்கத்தை மாற்றி, அந்தத் தொகையைக் குறித்துக்கொண்டு, தம் அட்டை நிறுவனத்தின் விகிதத்தால் பெருக்கி, தம் வங்கியின் கட்டணத்தைக் கூட்டி, அதைத் தளம் காட்டும் சொந்த நாணயத் தொகையுடன் ஒப்பிட்டால் எது மலிவு என்பது தெரிந்துவிடும். இணையப் பணப்பை வழியாகச் செலுத்துவோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல பணப்பைகள் மாற்றுவதைத் தாமே செய்வதையே இயல்பான தெரிவாக வைத்திருக்கின்றன, அமைப்புகளில் அதை மாற்றி, அட்டை நிறுவனமே மாற்றிக்கொள்ளட்டும் என்று விட முடியும். வந்து சேர்ந்தபின் உரிமையாளரின் முகவர் அட்டை இயந்திரத்தை நீட்டி, உள்ளூர் நாணயமா உங்கள் நாணயமா என்று கேட்டால், உள்ளூர் நாணயமே பெரும்பாலும் லாபம். உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடைப்பட்ட வங்கிகள் கழித்துக்கொள்ளும் தொகையால் முழு வாடகை போய்ச் சேராமல் போகலாம் என்பதுடன், தளத்தின் பாதுகாப்பும் இல்லாமல் போகிறது.

வீட்டைத் தேடுவதற்கு இத்தளத்துக்கு ஐந்தில் நான்கரை தருவேன். பணம் செலுத்தும் பகுதிக்கு ஐந்தில் ஒன்றரைக்கு மேல் தர இயலாது. அந்த ஒன்றரையும் நாணயத்தை மாற்றிக்கொள்ளும் வசதி ஒரு மூலையிலாவது இருக்கிறது என்பதற்காக. கட்டணப் பக்கத்தில் மாற்று விகிதமும் அதன் மேல் சேர்த்த சதவீதமும் துப்புரவுக் கட்டணத்துக்குக் கீழே ஒரே ஒரு வரியாக வருமானால், இந்த மதிப்பெண்ணை மகிழ்ச்சியுடன் திருத்தி எழுதுவேன்.