சிஎம்டபிள்யூ500 டெஸ்டர்: ஸ்க்ரீன்ல வர்ற பாஸை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எங்க லேப்ல வண்டி டிராக்கர், கடையில கார்டு தேய்க்கிற மெஷின், சின்ன பிராண்ட் போன் இப்படி எல்டிஇ (4ஜி) மாட்யூல் போட்ட எல்லாமே வரும், சர்டிபிகேஷனுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்து குடுங்கன்னு கேப்பாங்க. அதுக்கு நாங்க தினமும் ஓட்றது ரோடே ஷ்வார்ஸ்ங்கிற கம்பெனியோட சிஎம்டபிள்யூ500, டவர் மாதிரி நடிச்சி போனோட ரேடியோவ அளக்குற டெஸ்டர். இதப்பத்தி தமிழ்ல யாரும் உருப்படியா எழுதி நான் பாக்கல, செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமான்னு நெறய பேரு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

மொதல்ல என் கருத்த சொல்லிடறேன். மெஷின் அருமையான மெஷின். ஆனா அதோட துல்லியம் எல்லாமே முன்னாடி இருக்கிற அந்த என் டைப் கனெக்டர் வரைக்கும்தான். அங்கேருந்து போன் போர்டு வரைக்கும் போற கேபிள், அடாப்டர், ப்ரோப், அட்டெனுவேட்டர் (சிக்னல கொறைக்கிறது) எல்லாம் உங்க பொறுப்பு, ஸ்டாண்டர்ட் படி அளந்தேன்னு சொல்றதுக்கும் சும்மா அளந்தேன்னு சொல்றதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் அந்த ஒரு மீட்டர் தூரத்துலதான் இருக்கு.

ஸ்டாண்டர்ட்னா எதுன்னு கேட்டா, எல்டிஇ போனுக்கு மொபைல் ஸ்டாண்டர்ட் எழுதுற 3ஜிபிபி அமைப்போட டிஎஸ் 36.101ல லிமிட் இருக்கும், அத எப்படி சோதிக்கணும்னு டிஎஸ் 36.521-1ல இருக்கும். ரெண்டாவது டாக்குமெண்டோட கடைசில அனெக்ஸ் எஃப்னு ஒண்ணு வரும், அத தயவுசெஞ்சு படிங்க. டெஸ்ட் சிஸ்டம் அதிகபட்சம் எவ்வளவு தப்பா காட்டலாம், அதுக்காக லிமிட்ட எவ்வளவு தளர்த்தணும்னு ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் அங்க நம்பர் போட்டு வச்சிருக்காங்க. உதாரணத்துக்கு பவர் கிளாஸ் 3 போன் அனுப்புற அதிகபட்ச பவர் 23 டிபிஎம், கூட கொறய 2 டிபி. 3 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் சிஸ்டத்தோட அன்சர்டென்டி (அளவுல எவ்வளவு தப்பு இருக்கலாம்ங்கிறது) 0.7 டிபிக்குள்ள இருக்கணும், அதே 0.7ஐ லிமிட்ல சேத்து 20.3லேருந்து 25.7 டிபிஎம் வரைக்கும் பாஸ். இந்த தளர்வ போனுக்கு குடுத்த சலுகைன்னு நெறய பேரு நெனச்சிக்கிறாங்க, உண்மையில அது அளக்கிற சிஸ்டத்துக்காக குடுத்தது. உங்க செட்டப்போட அன்சர்டென்டி 1.2 டிபி இருக்குன்னா அந்த 20.3ங்கிற கோட்ட நீங்க தொடவே கூடாது. ஆனா ஈவிஎம்க்கு (அனுப்புற சிக்னல் எவ்வளவு கோணலா இருக்குன்னு சொல்ற அளவு) இந்த மாதிரி எந்த தளர்வும் கெடையாது, க்யூபிஎஸ்கேங்கிற மாடுலேஷனுக்கு 17.5 சதவீதம்னா 17.5தான்.

இப்ப மெஷினுக்கு வரேன். மல்டி எவாலுவேஷன்னு ஒரு ஸ்க்ரீன், அதுல ஈவிஎம், ஏசிஎல்ஆர் (பக்கத்து சேனலுக்கு கசியுறது), ஸ்பெக்ட்ரம் மாஸ்க், இன்பேண்ட் எமிஷன் எல்லாம் ஒரே நேரத்துல ஓடும், லிமிட் தாண்டினா செவப்புல காட்டும், அவுட் ஆஃப் டாலரன்ஸ் எத்தன சதவீதம்னும் பக்கத்துல வரும். 001/01ங்கிற டெஸ்ட் நெட்வொர்க் நம்பர் இருக்கிற சிம் போட்டா போன் ஏதோ நெசமான டவர்ல ஏறுற மாதிரி ஏறிடும். ரொம்ப சுத்தமான வேல. ஆனா அந்த லிமிட் எல்லாம் செட்டிங்ல மாத்தக்கூடிய நம்பர்தான். உங்களுக்கு முன்னாடி யாராச்சும் மாத்தி சேவ் பண்ணி வச்சிருந்தா செவப்பே வராது, அதனால புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது ப்ரீசெட் (செட்டிங் எல்லாத்தையும் ஆரம்ப நிலைக்கு கொண்டு போறது) அடிச்சிட்டு லிமிட் பேஜ ஒரு தடவ கண்ணால பாத்துட்டு போங்க.

சென்சிடிவிட்டி டெஸ்ட்லதான் (எவ்வளவு பலவீனமான சிக்னல போன் வாங்குதுன்னு பாக்குறது) புதுசா வர்ற பசங்க எல்லாரும் தெணறுவாங்க. பேண்ட் 3ல 10 மெகாஹெர்ட்ஸ்க்கு லிமிட் -94 டிபிஎம், டெஸ்ட் பண்ணும்போது 0.7 தளர்வு சேத்து -93.3, அந்த லெவல்ல த்ரூபுட் 95 சதவீதத்துக்கு கொறயக்கூடாது. ஆனா சிஎம்டபிள்யூல நீங்க குடுக்குற நம்பர் ஆர்எஸ் ஈபிஆர்ஈ, அதாவது ஒரு 15 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியருக்கு எவ்வளவுன்னு. 10 மெகாஹெர்ட்ஸ்ல 600 சப்கேரியர், அத டிபில சொன்னா 27.8, அதனால -121.1னு போடணும். பக்கத்துலயே ஃபுல் செல் பேண்ட்விட்த் பவர்னு மொத்த லெவல காட்டுது பாருங்க, அது -93.3 வருதான்னு பாத்துட்டு எக்ஸ்டெண்டட் பிஎல்ஈஆர் (தப்பா வந்த டேட்டா ப்ளாக்க எண்ணி த்ரூபுட் சொல்ற டெஸ்ட்) ஸ்டார்ட் பண்ணினா கவலையே இல்ல. இந்த ரெண்டு நம்பரையும் ஒரே எடத்துல காட்டுறதுக்காகவே எனக்கு இந்த மெஷின் புடிக்கும்.

கேபிள் விஷயம். ஆர்ஜி316 கேபிள் ஒரு மீட்டருக்கு 1 கிகாஹெர்ட்ஸ் பக்கமே கிட்டத்தட்ட 1 டிபி சாப்பிடும், பேண்ட் 40 இருக்கிற 2.3 கிகாஹெர்ட்ஸ்ல இன்னும் அதிகம். அந்த லாஸ மெஷினோட எக்ஸ்டர்னல் அட்டெனுவேஷன் செட்டிங்ல குடுக்கணும், அதுவும் இன்புட்டுக்கு தனியா அவுட்புட்டுக்கு தனியா, பேண்டுக்கு பேண்ட் தனியா. எல்லாத்துக்கும் ஒரே 1.0னு போட்டு ஓட்றத நான் நெறய எடத்துல பாத்திருக்கேன், பேண்ட் 5ல சரியா வந்துடும், பேண்ட் 40ல போன் வீக்னு ரிப்போர்ட் போயிடும், பாவம் டிசைன் பண்ணவன் பவர் ஆம்ப்ளிஃபையர நோண்டிட்டு இருப்பான்.

அதுக்கும் மேல மிஸ்மேட்ச், அதாவது ரெண்டு பக்கமும் சரியா பொருந்தாம சிக்னல் திரும்பி வர்றது. போன் பக்கம் விஎஸ்டபிள்யூஆர் (பொருத்தத்த சொல்ற நம்பர், 1னா கச்சிதம்) 2, டெஸ்டர் பக்கம் 1.5ன்னா அது மட்டுமே அரை டிபிக்கு மேல ஆட்டம் காட்டும். ஒரு கணக்கு போட்டு பாருங்க, டெஸ்டர் 0.5, கேபிள் அளந்ததுல 0.2, மிஸ்மேட்ச் 0.3ன்னு வச்சிக்கிட்டா ஸ்கொயர் பண்ணி கூட்டி ரூட் எடுத்தா 0.62, அனெக்ஸ் எஃப் சொல்ற 0.7க்குள்ள வந்துடுச்சு. அதே மிஸ்மேட்ச் 0.5 ஆச்சுன்னா 0.73, வெளிய போயிட்டோம். மெஷின் அதேதான், மாறினது நடுவுல இருக்கிற ஒரு அடாப்டர் மட்டும். போன் பக்கத்துல ஒரு நல்ல 6 டிபி பேட் (அட்டெனுவேட்டர்தான்) போடுங்க, மேட்ச் நல்லாவே சரியாகும், அந்த 6 டிபியையும் அளந்து டேபிள்ல ஏத்திடுங்க. கனெக்டர டார்க் ரெஞ்ச் வச்சி டைட் பண்ணுங்க, க்ளிக் சத்தம் வந்தா நிறுத்திடணும். கையால முறுக்கி வச்ச எஸ்எம்ஏ, கேபிள லேசா வளச்சாலே பவர் ரீடிங்கோட கடைசி நம்பர் குதிக்கிறத ஸ்க்ரீன்லயே பாக்கலாம்.

ஃப்ரீக்வென்சில ஒரு நுணுக்கம் இருக்கு, இத சேல்ஸ் ஆளுங்க யாரும் சொல்ல மாட்டாங்க. லிமிட் 0.1 பிபிஎம் (பத்து லட்சத்துல 0.1 பங்கு), அதோட 15 ஹெர்ட்ஸ் தளர்வு. ஆனா இது போனுக்கு வந்த டவர் சிக்னல வச்சி ஒப்பிடுறது, இங்க டவரே டெஸ்டர்தான். டெஸ்டரோட க்ளாக் தள்ளி இருந்தா போனும் அதே பக்கம் தள்ளி லாக் ஆகும், ரெண்டும் சேந்து நகர்றதால ரிசல்ட் சூப்பரா வரும், தப்பு வெளியவே தெரியாது. அதே மெஷின வச்சி நான்-சிக்னலிங் மோடுல (போன டவர்ல ஏத்தாம நேரா அளக்குறது) போர்டோட க்ரிஸ்டல ட்யூன் பண்ணீங்கன்னா அந்த தப்பு அப்படியே போர்டுக்குள்ள எறங்கிடும். அதனால செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது ஓசிஎக்ஸ்ஓ (சூட்ட ஒரே மாதிரி வச்சி ஓடுற துல்லியமான க்ளாக்) ஆப்ஷன் இருக்கான்னு கேளுங்க, பி690ஏ இல்ல பி690பி. இல்லன்னா பின்னாடி ரெஃப் இன்ல ஜிபிஎஸ் லாக் பண்ண 10 மெகாஹெர்ட்ஸ் குடுத்துடுங்க. எது இருந்தாலும் ஆன் பண்ண ஒடனே அளக்காதீங்க, அரை மணி நேரமாவது சூடாகட்டும்.

இது ஒண்ண வாங்கிட்டா மொத்த 36.521-1ஐயும் முடிச்சிடலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஸ்பூரியஸ் எமிஷன் (தன் பேண்டுக்கு வெளிய வர்ற வேண்டாத சிக்னல்) 9 கிலோஹெர்ட்ஸ்லேருந்து 12.75 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பாக்கணும், சிஎம்டபிள்யூ ஆப்ஷன் போட்டாலும் 6 கிகாஹெர்ட்ஸ்தான், ஸ்பெக்ட்ரம் அனலைசரும் ஃபில்டரும் தனியா வேணும். வேற பலமான சிக்னல் இருக்கும்போது போன் தாங்குதான்னு பாக்குற ப்ளாக்கிங் டெஸ்ட்டுக்கு இன்னொரு ஜெனரேட்டர். -10லேருந்து 55 டிகிரி வரைக்கும் சேம்பர்ல வச்சி ஓட்டணும். ஜிசிஎஃப், பிடிசிஆர்பிங்கிற அமைப்புகளோட சர்டிபிகேஷனுக்கு வேலிடேட் ஆன முழு சிஸ்டத்துலதான் ஓட்டுவாங்க. 5ஜி என்ஆர் இதுல தனியா வராது, அதுக்கு சிஎம்எக்ஸ்500 பக்கம் போகணும். ப்ரீ கம்ப்ளையன்ஸுக்கு (சர்டிபிகேஷனுக்கு முன்னாடி நாமளே பாத்துக்கிறது), ரிப்பேருக்கு, ப்ரொடக்‌ஷன் லைனுக்குன்னா மனசார சிபாரிசு பண்றேன்.

கடைசியா கேலிப்ரேஷன், இதுல எனக்கு உண்மையிலேயே கோவம். ஒரு லேப்ல, பேரு வேணாம், பணம் கட்டி அனுப்பினோம், திரும்பி வந்தது ஒரு ஸ்டிக்கரும் ரெண்டு பக்க பேப்பரும். எல்லா வரிலயும் பாஸ்னு இருக்கு, ஆனா அன்சர்டென்டி காலமே இல்ல, மெஷின் வந்தப்ப எப்படி இருந்துச்சு, அட்ஜஸ்ட் பண்ணப்புறம் எப்படி இருக்குன்னு தனித்தனி ரீடிங்கும் இல்ல. தராசுக்கு முத்திரை குத்தின மாதிரி இதுக்கு ஸ்டிக்கர் ஒட்டினா போதாதுங்க. லேபுகளுக்கான ஐஎஸ்ஓ 17025 ஸ்டாண்டர்ட் படி கேலிப்ரேஷன் சர்டிபிகேட்ல அன்சர்டென்டி போட்டே ஆகணும், பாஸ்னு சொன்னா எந்த விதி வச்சி சொன்னாங்கன்னும் இருக்கணும். வந்தப்ப இருந்த ரீடிங் இல்லன்னா போன வருஷம் முழுக்க நாங்க குடுத்த ரிப்போர்ட் சரியா தப்பான்னு எப்படி சொல்றது? கஸ்டமர் அத நம்பி மோல்டு வெட்டி பணத்த கொட்டியிருக்காரு. இப்ப லேபுகள சோதிச்சி அங்கீகாரம் குடுக்கிற என்ஏபிஎல்லோட அங்கீகாரம் இருக்கிற லேபுக்குத்தான் அனுப்புறோம், அதுவும் அவங்க ஸ்கோப்ல நம்ம ஃப்ரீக்வென்சி, நம்ம பவர் ரேஞ்ச் இருக்கான்னு பாத்துட்டுத்தான், ஏன்னா லோகோ இருக்கிற சில லேபுக்கு டிசி வோல்டேஜ் மட்டும் ஸ்கோப்ல இருக்கும், ஆர்எஃப் இருக்காது.

யூஸ்டு மெஷின் பாக்க போறவங்க விலை பேசுறதுக்கு முன்னாடி ஆப்ஷன் லிஸ்ட் ஸ்க்ரீன ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. வெறும் டப்பா விலை கம்மியா தெரியும், எல்டிஇ சிக்னலிங் லைசென்ஸ் உள்ள இல்லன்னா மேல சொன்ன சென்சிடிவிட்டி டெஸ்ட்ட ஓட்டவே முடியாது. ஆர்எஃப்1 காம் கனெக்டர டார்ச் அடிச்சி பாருங்க, நடு பின் உள்ள போயிருந்தாலோ சாஞ்சிருந்தாலோ அந்த மெஷின் வேணாம்.