குட்டி பிக்கப் ட்ரக்: கேபினுக்கு குடுத்த கவனத்த தொட்டிக்கு குடுக்கல

புதுசா வந்திருக்கற சின்ன சைஸ் பிக்கப் ட்ரக் ஒண்ணு வாங்கி ஓட்டிட்டு இருக்கேன். நாலு கதவு, அஞ்சு சீட்டு, பின்னாடி நாலரை அடி தொட்டி, ஹைபிரிட் இன்ஜின், முன் வீல் டிரைவ். கம்பெனி பேர வேணும்னேதான் சொல்லல, ஏன்னா நான் சொல்லப்போற குறைல முக்காவாசி இந்த சைஸ்ல வர்ற எல்லா வண்டிக்கும் பொருந்தும், ஒருத்தர மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல. வண்டி பிடிக்கலன்னு எழுதல, ரொம்ப பிடிச்சிருக்கு, இன்னும் கொஞ்சம் யோசிச்சு பண்ணிருந்தா எங்கயோ போயிருக்குமேங்கற ஆதங்கத்துலதான் எழுதுறேன்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். யூனிபாடி, அதாவது கார் மாதிரி சேசிஸும் பாடியும் ஒண்ணாவே இருக்கற வண்டிங்கறதால ஓட்டறதுக்கு சுகமா இருக்கு, சேசிஸ் தனி பாடி தனின்னு வர்ற பெரிய ட்ரக்ல காலி தொட்டியோட மேடு பள்ளத்துல போனா பின்னாடி தூக்கி தூக்கி போடும், இதுல அந்த தொல்லை இல்ல. தொட்டி விளிம்பு உயரம் கம்மி, தரையில நின்னுக்கிட்டே சைடுல கைய விட்டு உள்ள கிடக்கற பொருள எடுத்துடலாம், பெரிய வண்டில இதுக்கு மேல ஏறித்தான் ஆகணும். டவுன் டிராஃபிக்ல ஹைபிரிட் நல்ல மைலேஜ் குடுக்குது, பார்க்கிங்ல திணற வேணாம். இந்த சைஸ்ல ட்ரக் வேணும்னு ரொம்ப பேர் கேட்டுட்டு இருந்தாங்க, கம்பெனிக்காரங்க கேட்டு பண்ணிருக்காங்க, அதுக்கு நன்றி.

இப்ப தொட்டிக்கு வருவோம், ஏன்னா ட்ரக் வாங்குறதே அதுக்குத்தான.

நாலரை அடி நீளம். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஷீட் ஏத்தணும்னா என்ன ஆகுதுன்னு பாருங்க. சக்கரத்துக்கு மேல தொட்டிக்குள்ள புடைச்சிட்டு நிக்குதே, அந்த ரெண்டு வீல் ஆர்ச்சுக்கும் நடுவுல இருக்கற இடம் கிட்டத்தட்ட மூணரை அடிதான், அதனால நாலடி அகல ஷீட் தரையோட படுக்காது. இதுக்கு ஒரு நல்ல வழி பண்ணிருக்காங்க, அத பாராட்டியே ஆகணும், தொட்டியோட சைடுல பள்ளம் பள்ளமா அடிச்சு வச்சிருக்காங்க, அதுல ரெண்டுக்கு நாலு இன்ச் மரச்சட்டத்த சொருகிட்டு பின்கதவ பாதி திறந்த நிலையில நிறுத்துனா வீல் ஆர்ச் உயரத்துக்கு ஒரு மட்டமான மேடை கிடைக்குது, ஷீட் அதுமேல படுத்துக்கும். அகல பிரச்சனை ஓவர். ஆனா நீள பிரச்சனை அப்படியேதான் இருக்கு, தொட்டியும் பின்கதவும் சேர்ந்து ஆறடி தாங்கும், மீதி ரெண்டடி வெளிய நீட்டிட்டு நிக்கும். ஒரு ஷீட்டுன்னா சரி, பத்து ஷீட்டுன்னா? பின்கதவு எவ்ளோ வெயிட் தாங்கும்னு மேனுவல்ல தனியா ஒரு அளவு போட்டிருப்பாங்க, அத யாரும் படிக்கறதில்ல, கதவ ரெண்டு பக்கமும் தாங்கற கேபிள் ரெண்டும்தான் மொத்த பாரத்தையும் பிடிச்சுட்டு நிக்குது. ஹோண்டா ரிட்ஜ்லைன்ல வீல் ஆர்ச் நடுவுல 50 இன்ச் விட்டிருக்காங்க, நாலடி ஷீட் நேரா தரையிலயே படுக்கும், அது ஒரு சைஸ் பெரிய வண்டிதான், ஆனா அதுவும் யூனிபாடிதான். அகலத்த எங்க பிடிக்கணும்னு யோசிச்சு பண்ணிருக்காங்கங்கறது தெரியுது.

நான் ரொம்ப ஆசைப்படறது நடுக்கதவு. அதாவது கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவுல இருக்கற சுவர் மடங்கி பின் சீட்டு மேல படுத்துடணும், அப்ப தொட்டி நீளம் கேபினுக்குள்ள வரைக்கும் வந்துடும். இது கனவு இல்ல, செவர்லே அவலாஞ்ச்ல 2002 மாடல்லேந்து 2013 மாடல் வரைக்கும் இத குடுத்தாங்க, அஞ்சே கால் அடி தொட்டி எட்டடிக்கு மேல நீளும், பின்கதவ மூடிட்டே எட்டடி ஷீட் ஏத்தலாம். அது பெரிய வண்டி சேசிஸ் வண்டி, யூனிபாடில பின் சுவர வெட்டுனா பாடியோட விறைப்பு குறைஞ்சிடும்னு சொல்லுவாங்க, நியாயமான கவலைதான், மழைத்தண்ணி கசியாம சீல் பண்றதும் சுலபம் இல்ல. ஆனா 2003லேந்து 2006 மாடல் வரைக்கும் வந்த சுபாரு பாஹா யூனிபாடி வண்டிதான், அதுல பின் சீட்ட மடக்கி ஒரு சின்ன கதவ திறந்தா நீளமான சாமான் கேபினுக்குள்ள வரும். முழு சுவர் வேணாம், நடுவுல ஒரு ரெண்டடி அகலத்துக்கு திறப்பு குடுத்தா போதும், பைப்பு, ஏணி, ரீப்பர் கட்டை எல்லாம் உள்ள போயிடும். நாலரை அடி தொட்டி வச்ச வண்டிக்கு இது எக்ஸ்ட்ரா வசதி இல்ல, அவசியம்.

அதுவும் முடியாதுன்னா ரெண்டு கதவு கேபின் ஒண்ணு குடுங்க, மொத்த நீளம் இதே இருக்கட்டும், பின் சீட்ட எடுத்துட்டு ஆறடி தொட்டி போடுங்க. 1983 மாடலா வந்த ஃபோர்டு ரேஞ்சர் சின்ன ட்ரக்தான், அதுலயே 6 அடி 7 அடின்னு ரெண்டு தொட்டி இருந்துச்சு. பிரேசில்ல ஓடற ஃபியட் ஸ்ட்ராடாவுல இப்பவும் சின்ன கேபின், பெரிய கேபின்னு ரெண்டும் கிடைக்குது. வேலைக்கு வண்டி வாங்குறவனுக்கு பின் சீட்டு எதுக்கு? குடும்பத்தோட போறவங்களுக்கு நாலு கதவு, வேலைக்காரங்களுக்கு நீள தொட்டி, ரெண்டும் விக்கட்டும்.

பின்கதவுல இன்னொரு எரிச்சல். ரிவர்ஸ் கேமராவ பின்கதவு கைப்பிடிலயே வச்சிருக்காங்க, நீளமான சாமான் ஏத்திட்டு கதவ எறக்கி வச்சா கேமரா தரைய பாக்குது. எப்ப பின்னாடி சரியா தெரியணுமோ அப்பதான் ஒண்ணுமே தெரியாம போகுது. பெரிய ட்ரக்ல மேல இருக்கற மூணாவது பிரேக் லைட்டோட சேர்த்து ஒரு கேமரா வைக்கிறாங்க, தொட்டிக்குள்ள லோடு நகருதான்னும் அதுல பாத்துக்கலாம். ஒரு கேமரா ஒரு வயர், அவ்ளோதான். பின்கதவு பூட்டும் சென்ட்ரல் லாக்கோட சேரல, சாவி போட்டு தனியா பூட்டணும், அவசரத்துல மறந்துடும், தொட்டிக்கு மூடி போட்டு உள்ள டூல்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயம். கதவு மெதுவா எறங்க ஒரு டேம்பர் கூட இல்ல, விட்டா தடால்னு விழுது, குழந்தைங்க பக்கத்துல இருந்தா பயமா இருக்கு.

மைலேஜுக்காக பின்கதவ திறந்து வச்சு ஓட்டறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க. மூடி இருந்தா தொட்டிக்குள்ள ஒரு காத்து சுழல் உக்காந்துக்கும், மேல வர்ற காத்து அதுக்கு மேலயே வழுக்கிட்டு போயிடும், திறந்தா அந்த சுழல் கலைஞ்சுடும். நீங்க நினைக்கிற லாபம் வராது, சாமான் விழற ரிஸ்க்தான் மிச்சம்.

அடுத்து பாரம். இந்த வண்டிக்கு பேலோடு, அதாவது ஏத்தக்கூடிய மொத்த பாரம், 680 கிலோன்னு போட்டிருக்காங்க, சைஸுக்கு நல்ல நம்பர்தான், ஆனா அந்த 680ல ஆளுங்களும் அடக்கம். அஞ்சு பேர் ஏறுனா ஆளுக்கு 75 கிலோன்னு வச்சாலே 375 போயிடுச்சு, மீதி 305தான் சரக்குக்கு. ட்ரெய்லர் மாட்டுனா அதோட வெயிட்ல 10லேந்து 15 சதவீதம் ஹுக்கு மேல அழுத்தும், அதையும் இதுலேந்துதான் கழிக்கணும். தொட்டியோட கொள்ளளவு ஒரு கன மீட்டருக்கு கொஞ்சம் கம்மி, காஞ்ச மணல் ஒரு கன மீட்டர் சுமார் 1,600 கிலோ வரும், ஆக தொட்டி நிறைய மணல் கொட்டுனா அனுமதிச்ச பாரத்த விட ரெண்டு மடங்குக்கு மேல போயிடும். ரெண்டு பேர் உக்காந்துட்டு மணல் ஏத்துனா தொட்டில மூணுல ஒரு பங்குதான் கணக்கு. தொட்டி பாக்க சின்னதா இருக்கறதால "இதுல என்ன ஏறிடப்போகுது"ன்னு முழுசா ரொப்புறாங்க, சஸ்பென்ஷன் உக்காந்து பின் டயர் மட்கார்டுல உரசற அளவுக்கு போற வண்டிகள பாத்திருக்கேன், மனசு கேக்கல. தொட்டி சைடுல உள்பக்கமா மணல் இவ்ளோ, ஜல்லி இவ்ளோன்னு ஒரு கோடு போட்டு குடுக்கலாம், பைசா செலவில்லாத வேலை. அதவிட நல்லது சஸ்பென்ஷன்ல சென்சார் வச்சு இப்ப எவ்ளோ கிலோ ஏறிருக்குன்னு ஸ்கிரீன்ல காட்டறது.

லோடு பின்னாடி உக்காந்தா வர்ற இன்னொரு பிரச்சனை முன் வீல் டிரைவ். இழுக்கற சக்கரம் முன்னாடி, பாரம் பின்னாடி. மேட்டுல ஏறும்போது வெயிட் இன்னும் பின்னாடி சாயும், முன் டயருக்கு பிடிமானம் குறையும், ஈரமான ஏத்தத்துல நின்னு கிளம்புனா முன் டயர் சும்மா சுத்துது, டிராக்ஷன் கன்ட்ரோல் வந்து பவர குறைச்சுடுது, வண்டி நகர மாட்டேங்குது. சமதரையில ஒண்ணும் தெரியாது. ஹைபிரிட் வேணும்னா முன் வீல் டிரைவ்தான், நாலு சக்கரமும் இழுக்கணும்னா பெட்ரோல் டர்போதான்னு பிரிச்சு வைக்கறது சரியில்ல, பின் ஆக்ஸில்ல ஒரு சின்ன மோட்டார் வச்சாலே போதும், நிறைய ஹைபிரிட் கார்ல அப்படித்தான் பண்றாங்க.

பாரம் ஏறுனதும் முன்பக்கம் தூக்கிக்கும், ஹெட்லைட்டும் கூடவே மேல பாக்கும். எதிர்ல வர்றவன் கண்ணுல நேரா அடிக்குது, அவன் நமக்கு டிம் அடிச்சு அடிச்சு சிக்னல் காட்டறான், நம்ம லோ பீம்லதான் இருக்கோம்னு அவனுக்கு எப்படி தெரியும். ஐரோப்பிய விதிப்படி விக்கிற வண்டில லோடுக்கு தகுந்த மாதிரி லைட்ட எறக்க வழி கட்டாயம் இருக்கணும், ஒண்ணு தானா எறங்கும் இல்ல ஒரு சின்ன நாப் இருக்கும். இந்த வண்டில ரெண்டும் இல்ல. சரக்கு ஏத்தறதுக்குன்னே செஞ்ச வண்டில இது இல்லாதத என்னால ஏத்துக்கவே முடியல, இது சொகுசு சமாச்சாரம் இல்ல, எதிர்ல வர்றவனோட உயிர் சமாச்சாரம்.

ஹைபிரிட்ல நான் எதிர்பாத்த இன்னொண்ணு கரண்ட். வண்டிக்குள்ள பெரிய பேட்டரி, ஜெனரேட்டர், எல்லாம் ரெடியா இருக்கு, ஆனா தொட்டில குடுத்திருக்கற பிளக்ல 400 வாட்தான் வருது. டிரில் பேட்டரி சார்ஜ் போடலாம், லைட் எரிக்கலாம், அவ்ளோதான். மரம் அறுக்கற மெஷினுக்கே ஆயிரத்துக்கு மேல வாட் வேணும், கைல பிடிக்கற கிரைண்டர் கூட பெரும்பாலும் 400ஐ தாண்டிடும். ஜப்பான்ல விக்கிற டொயோட்டா ஹைபிரிட் கார்லயே 1,500 வாட் எடுக்கலாம், 2021ல வந்த ஃபோர்டு எஃப் 150 ஹைபிரிட்ல 7.2 கிலோவாட் வரைக்கும் குடுத்தாங்க. அவ்ளோ கேக்கல, ரெண்டு கிலோவாட் குடுங்க. கார்ப்பென்டரி, எலக்ட்ரிக்கல்னு வேலை பாக்கறவங்க தனியா ஜெனரேட்டர் தூக்கிட்டு போற தொல்லை போயிடும், கரண்ட் போன வீட்டுக்கு ஃபிரிட்ஜ் ஓட்டிக்கலாம், இந்த ஒரு வசதிக்காகவே ஹைபிரிட் எடுக்கறவங்க வருவாங்க.

கொக்கிங்க கம்மி. தொட்டி மூலைல நாலு, மேல விளிம்புல ரெண்டு. தரை நடுவுல ஒண்ணு கூட இல்ல, ஒரு ஒத்த பெட்டிய ஏத்துனா அத நகராம கட்ட கயிற மூலைக்கு மூலை இழுக்க வேண்டியிருக்கு. தொட்டிக்கு உள்ள விரிக்கற பிளாஸ்டிக் லைனர் வாங்காதீங்க, அதுக்கு அடியில தண்ணியும் மண்ணும் போயி உரசி உரசி பெயின்ட் போயிடும், வெளிய தெரியாது, ஸ்பிரே பண்ற கோட்டிங்தான் சரி. அத கம்பெனியிலயே எல்லா மாடலுக்கும் அடிச்சு குடுக்கணும், ட்ரக்குக்கு தொட்டி கோட்டிங் ஆப்ஷனா இருக்கறது என்ன நியாயம்னு புரியல.

உள்ள பெருசா குறை இல்ல. பின் சீட்டுக்கு ஏசி வென்ட் இல்ல, வெயில்ல பின்னாடி உக்காந்தவங்க வேர்த்து வழியறாங்க. பின் கண்ணாடி திறக்காது, சறுக்கி திறக்கற மாதிரி இருந்தா காத்தும் வரும், சின்ன நீளக் கம்பியையும் விட்டுக்கலாம். ஏசிக்கு திருகற நாப் வச்சிருக்காங்க, கிளவுஸ் போட்ட கையோட கூட திருகலாம், அத மட்டும் அடுத்த மாடல்ல டச் ஸ்கிரீனுக்குள்ள தள்ளிடாதீங்க.

ஸ்டெப்னி சின்னது, தற்காலிகமா மாட்டறது, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது. காருக்கு அது போதும். முழு லோடு ஏத்திட்டு வர்ற வழியில பின் டயர் போச்சுன்னா அந்த சின்ன சக்கரத்த நம்பி எப்படி ஓட்டறது, பாதி சரக்க எறக்கி வச்சுட்டா வர முடியும்? தொட்டிக்கு அடியில முழு சைஸ் டயருக்கு இடம் இருக்கு, நான் குனிஞ்சு அளந்தே பாத்துட்டேன்.

கேமரா, லைட் நாப், கொக்கி, ஸ்டெப்னி இதெல்லாம் இப்ப இருக்கற வண்டியிலயே அடுத்த வருஷம் சேத்துடலாம், டிசைன மாத்த வேணாம். பிளக்குக்கு பெரிய இன்வெர்ட்டர் போடணும், அதுவும் முடியாத காரியம் இல்ல. நடுக்கதவுக்கு மட்டும் புது பாடி வரைஞ்சாகணும், சில வருஷம் ஆகும், அது வர்ற அன்னைக்கு இந்த வண்டிய குடுத்துட்டு அத எடுக்க நான் ரெடி.