கறுப்பு பிளாஸ்டிக் பிரிக்க ஸ்கேனரா, உப்புத் தொட்டியா?

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலிருந்து பிறையில் எங்கள் பட்டறைக்கு வரும் கழிவில் ஏபிஎஸ், பிசி (பாலிகார்பனேட்), நைலான், பிஓஎம் (அசிட்டால்) என்று பிளாஸ்டிக் வகைகள் எல்லாம் ஒரே ஜம்போ பையில் கிடக்கும். பிரிக்கக் கையடக்க என்ஐஆர் (அண்மை அகச்சிவப்பு ஒளி) ஸ்கேனர் வாங்குவதா, மிதப்பதையும் மூழ்குவதையும் வைத்துப் பிரிக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியே போதுமா என்று பார்த்து, கடைசியில் தொட்டி கட்டினோம்.

ஸ்கேனரின் வேகத்தில் குறையில்லை. துண்டின்மேல் வைத்து அழுத்தினால் சில நொடியில் பெயர் வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையன்கூடச் செய்வான். வெளிர்நிறச் சரக்கு மட்டும் எடுப்பவர் யோசிக்காமல் வாங்கலாம்.

எங்களுக்கு வருவதோ பெரும்பாலும் கறுப்பு. பிரிண்டர் மூடி, மானிட்டர் முதுகு, கார் பாகம். கறுப்புக்காகச் சேர்க்கும் கார்பன் பிளாக் அந்த அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். கருவி படிக்க எதுவும் திரும்பி வராது. என்ன விலை கொடுத்தாலும் என்ஐஆருக்கு இதே கதைதான். நடு அகச்சிவப்புக் கருவி கறுப்பையும் படிக்கும். அதை இன்னொருவர் பட்டறையில் பார்த்ததோடு சரி, நான் கையாண்டதில்லை.

தொட்டிக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. லிட்டர் தண்ணீருக்கு 130 கிராம் உப்பு கரைத்தால் அடர்த்தி சுமார் 1.08. சாதா ஏபிஎஸ் 1.05, மிதக்கும். நைலான் 1.14, பிசி 1.20, பிஓஎம் 1.41, மூழ்கும். புரோமின் தீத்தடுப்பு கலந்த ஏபிஎஸ்ஸும் கனம் கூடி அடியில் போய்விடும். எங்களிடம் வாங்குபவர்கள் முதலில் விசாரிப்பதே புரோமின் கலந்திருக்கிறதா என்றுதான். துண்டில் காற்றுக் குமிழி ஒட்டினால் மூழ்க வேண்டியதும் மிதக்கும், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விடுங்கள். பிரித்தபின் நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் உப்பு கிரஷர் கத்தியைத் துருவாக்கும்.

அடியில் கிடப்பதுதான் தலைவலி. பிசி-ஏபிஎஸ் கலவையும் நைலானும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் கலவை பிசுபிசுக்கும், நைலான் அசையாது. இன்னும் சந்தேகமென்றால் சூடான ஊசியால் குத்தி இழுங்கள்: நைலான் நூலாக நீளும், முடி கருகிய வாடை வரும்.

தொட்டி கைவிடும் இடம் பிவிசி. பிஓஎம்முக்கும் அதற்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டும் கலந்து மோல்டிங் மெஷினுக்குப் போனால், சூட்டில் பிவிசி விடும் அமிலம் பிஓஎம்மைச் சிதைத்து வாயுவாக்கும். அழுத்தம் ஏறி வெடிக்கக்கூட வெடிக்கும். அதனால் பிஓஎம் கூடைக்கு மட்டும் செம்புக் கம்பிச் சோதனை வைத்திருக்கிறோம். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துண்டைத் தொட்டு மறுபடி தீயில் காட்டினால், பிவிசிக்குச் சுடர் பச்சையாகும். வெளியே காற்றோட்டத்தில் நின்று செய்யுங்கள், புகை பொல்லாதது.