பழைய செப்புக்காசு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு 6,500 ரூபாய் போச்சு

நெல்லை டவுன் பக்கம் பழைய காசு, தபால்தலை, பித்தளைச் சாமான் எல்லாம் விற்கிற ஒரு கடையில் "பாண்டியர் செப்புக்காசு" என்று போலியைக் கொடுத்து என்னிடம் 6,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். கடை பெயர் போடவில்லை. நேற்று நடந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சங்ககாலப் பாண்டியர் காசு சதுரமாக இருக்கும். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோடுகளாலேயே போட்ட மீன். பெருவழுதி என்று பாண்டிய மன்னன் பெயர் பொறித்ததுகூடக் கிடைத்திருக்கிறது. பாண்டியர் துறைமுகமான கொற்கை நம்ம பக்கம்தானே, அதில் ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. இதைச் சொன்னதும் கடைக்காரர் உள்ளே போய் ஒரு சின்ன கவரை எடுத்து வந்து, காசை என் உள்ளங்கையில் வைத்து, விரலையும் அவரே மடக்கிவிட்டு, "தம்பி, ஆத்து மணலை அரிச்சு எடுத்தது. தாமிரவருணித் தண்ணி குடிக்கிறவன் பொய் சொல்லி யாவாரம் பண்ணுவானா?" என்றார். வயதானவர், நெற்றி நிறைய திருநீறு. யாராக இருந்தாலும் நம்புவார்கள். பில் கேட்டதற்கு மட்டும் வெள்ளைத்தாளில் "பழைய சாமான் 1" என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் பஞ்சில் அசிட்டோன் (நகப்பூச்சு அழிக்கிற திரவம்) தொட்டுத் துடைத்தேன், பச்சை அப்படியே பஞ்சில் வந்துவிட்டது! மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த செம்பில் ஏறிய களிம்பு இப்படி வராது, கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். லென்ஸில் பார்த்தால் மேலெல்லாம் குண்டூசி முனை அளவு குழிகள், விளிம்பில் அரம் வைத்து ராவிய கோடு. அச்சை வைத்துக் கையால் அடித்த காசு என்றுதான் விற்றார், ஆனால் இந்தக் குழியும் கோடும் செம்பை உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பின் அடையாளம்.

திரும்பக் கொண்டு போனபோதுதான் பெரிய கூத்து. கண்ணாடித் தட்டில் அதே மாதிரி இன்னொரு காசு, என் காசில் தும்பிக்கைக்குக் கீழே இருந்த பள்ளம் அதிலும் அதே இடத்தில்! கையால் அடித்த காசு ஒவ்வொன்றிலும் அடி வேறு வேறு மாதிரி விழுந்திருக்கும், தேய்மானமும் அடியும் இரண்டு காசில் ஒரே இடத்தில் வராது. ஒரே அச்சில் ஊற்றினால்தான் வரும். அதைக் காட்டியதும் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். "பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாது தம்பி" என்றார். அப்புறம் "மகன்தான் கணக்கு பாக்கான், அவன் தென்காசி போயிருக்கான்." மகனுக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பினால் நீல டிக் மட்டும் விழுகிறது. கடைசியில் நேற்று, "நீங்க வேற காசை மாத்திக் கொண்டாந்து கேக்கீங்க" என்கிறார். 6,500 ரூபாயையும் வாங்கிக்கொண்டு என்னையே திருடன் ஆக்குகிறார்.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. சுருக்கமாக: காந்தத்தை நம்பாதீர்கள், போலியும் செம்புதான், ஒட்டாது. விளிம்பை லென்ஸில் பாருங்கள். அசிட்டோன் சோதனையைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818 என்று இருக்கிற கிழக்கிந்தியக் கம்பெனி "ஒரு அணா" எதையும் தொடாதீர்கள், கம்பெனி அப்படிக் காசு அடிக்கவே இல்லை. இந்தக் கடையில் அதுவும் இருக்கிறது. காசின் பெயரும் காலமும் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள், ஆன்லைனில் பணம் போயிருந்தால் 1930.

தும்பிக்கைக்குக் கீழே பள்ளம் உள்ள சதுரக் காசு வேறு யாரிடமாவது இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள். 6,500 ரூபாயை நான் விடப் போவதில்லை, சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.