மங்கு வந்த முகத்துக்கு எதைப் பூசுவது: நலங்கு மாவா, ‘மாம் சேஃப்’ கிட்டா, மருந்துக்கடை டியூபா?

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்தே எதைச் சாப்பிடலாம், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். முகத்தில் என்ன பூசலாம் என்ற பேச்சு மட்டும் மங்கு எனப்படும் பழுப்புத் திட்டு வந்த பிறகுதான் எழும். எனக்கு ஐந்தாம் மாதத்தில் இரண்டு கன்னத்து மேட்டிலும் மேலுதட்டுக்கு மேலேயும் பழுப்பு படர்ந்தது. அப்போது கைக்கு எட்டிய வழிகள் மூன்று. ஒன்று, அத்தை மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போனபோது வாங்கி வந்த நலங்கு மாவு. இன்னொன்று, தோழி பரிந்துரைத்த, கர்ப்பிணிகளுக்கென்றே விற்கும் கிட். மூன்றாவது, தோல் டாக்டர் எழுதித் தந்த வாசனையில்லாத மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும். நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன், யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

எந்த வழியில் போனாலும் தள்ளி வைக்க வேண்டியவை சில உண்டு. முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவுக்கு ஊனம் உண்டாக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த டிரெட்டினாயின், அடாபலீன், ரெட்டினால் போன்றவை பூசும்போது உடம்புக்குள் கொஞ்சமாகத்தான் போகின்றன என்றாலும், முன்னெச்சரிக்கையாக நிறுத்தச் சொல்வார்கள். நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் அப்படியில்லை, பூசியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போய்விடுகிறது. உற்பத்தியாளர் முகவரிகூட இல்லாத சிவப்பழகு கிரீம்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தின் மலப்புரம் பக்கம் 2023-இல் சிறுநீரகப் பாதிப்போடு வந்த பலர் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம் பாதரசம். தாய் உடம்பில் ஏறும் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும்.

கிட் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ‘மாம் சேஃப்’, ‘டாக்சின் ஃப்ரீ’, ‘தோல் நிபுணர் சோதித்தது’ என்று பெட்டியின் முகப்பில் போட்டிருப்பதற்கெல்லாம் சட்டப்படி வரையறுத்த பொருள் கிடையாது. பின்பக்கத்தைப் படித்தால் பெரும்பாலும் மருந்துக்கடை மாய்ஸ்சரைசரில் இருக்கும் அதே கிளிசரின், ஷியா பட்டர், நியாசினமைடுதான். வாசனைத் திரவியம் மட்டும் கூடுதலாக இருக்கும். மசக்கை நேரத்தில் ரோஜா வாசனைகூடக் குமட்டலைக் கிளப்பும். கெடுதல் என்று சொல்ல மாட்டேன், காசு அதிகம் என்றுதான் சொல்வேன். வயிற்றுக் கோடு வராமல் தடுக்கும் என்று அந்தக் கிட்டில் வரும் எண்ணெய்க்கும் தனியாகச் செலவழிக்க வேண்டாம். கோடு விழுவதைப் பூச்சால் தடுக்க முடியும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை. வயிற்றில் தோல் இழுபட்டு நமைக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவினாலே இதமாக இருக்கிறது.

உண்மையான போட்டி நலங்கு மாவுக்கும் மருந்துக்கடை டியூபுக்கும்தான். அந்தப் பொடி மேல் எனக்குப் பிரியம் உண்டு, சின்ன வயதில் எண்ணெய்க் குளியல் என்றாலே அந்த வாசனைதான். அதனால்தான் இதை நிதானமாகச் சொல்ல நினைக்கிறேன்.

பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்த பிளாஸ்டிக் கவர். உள்ளே வெளிர் மஞ்சளில் கொரகொரப்பான பொடி, நடுநடுவே ரோஜா இதழின் காய்ந்த துணுக்குகள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் பெயரும் எடையும் விலையும் மட்டும். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். “எல்லாம் மூலிகைதாம்மா, பயப்படாம பூசுங்க” என்றார் கடைக்காரர். திரும்பக் கேட்டதும் பொறுமையாகவே சொன்னார்: பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா, கார்போகரிசி, “அப்புறம் இன்னும் கொஞ்சம் சாமான்.”

கார்போகரிசி என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கறுப்பான சின்ன விதை. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வெண்புள்ளிக்கு இதைக் கொடுப்பார்கள், அதற்குக் காரணமும் உண்டு. விதையில் இருக்கும் சோராலென் என்ற பொருள் தோலில் பட்ட பிறகு வெயில் படும்போது, தோல் அந்த வெயிலுக்குப் பல மடங்கு எதிர்வினை காட்டும். தோல் மருத்துவமனைகளில் சோராலென் வகை மருந்து கொடுத்துப் புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சையும் இதே அடிப்படையில் வந்ததுதான். நிறம் போன இடத்தில் நிறம் வரவழைக்க இது உதவும். நிறம் ஏற்கெனவே கூடிப்போய் மங்கு படர்ந்த முகத்துக்கு அதே குணம் நேர் எதிராகப் போகும். தேய்த்துக் கழுவிவிடும் பொடியில் எவ்வளவு தோலில் தங்கும் என்பது, எத்தனை பங்கு போட்டு அரைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பங்குதான் சீட்டில் இல்லை.

முடிவெடுக்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும். உள்ளே இருப்பதை வரிசையாகப் படிக்க முடிகிற பொருளாக இருந்தால், அதைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிக் கேட்கலாம். படிக்கவே முடியாத பொருளைப் பற்றி அவரும்தான் என்ன சொல்வார்? இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை இறங்குவரிசையில் லேபிளில் போட வேண்டும், மற்றவை அதற்குப் பிறகு வரும். ஆகவே முதல் ஐந்தாறு பெயரைப் படித்தாலே அந்த டியூப் என்ன என்று பாதி புரிந்துவிடும்.

கஸ்தூரி மஞ்சளிலும் இதே சிக்கல். அந்தப் பெயரில் வேறு கிழங்கின் பொடி விற்பது பல காலமாக நடக்கிறது. பொடியாக அரைத்த பிறகு கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மஞ்சளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்த்துப் பிடிபட்டதும் உண்டு. எலுமிச்சைச் சாற்றைத் தயிரில் கலந்து முகத்தில் போடும் பழக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதிலும் வெயிலோடு சேர்ந்து தோலைக் கறுக்க வைக்கும் பொருள் இருக்கிறது.

அதற்காகப் பொடியே ஆகாது என்று சொல்லவில்லை. பச்சைப்பயறை வெயிலில் காயவைத்து நாமே அரைத்த மாவில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியும். நான் சோப்புக்குப் பதிலாகக் கைகால்களுக்கு அதைத்தான் போட்டேன். அத்தைக்கும் அதில் சமாதானம். “பயத்தம்மாவு போதும் விடு, மீதியை நான் போட்டுக்கிறேன்” என்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்.

கார்போகரிசி கிட்டிலும் வேறு வேஷத்தில் வருகிறது. பகுச்சியோல் என்று சீரம் பாட்டில்களில் பார்த்திருப்பீர்கள். ரெட்டினாலுக்கு மாற்று, கர்ப்பிணிகளும் பூசலாம் என்று விற்கிறார்கள். இந்த விதையிலிருந்து பிரித்தெடுப்பதுதான் அதுவும். சோராலென் இல்லாமல் சுத்திகரித்த பகுச்சியோல் வேறு சங்கதி என்றாலும், கர்ப்பிணிகளிடம் போதிய அளவு ஆராயாத பொருளை அந்த ஒன்பது மாதத்துக்குள் புதிதாகத் தொடங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

மருந்துக்கடையில் வாங்கினால் எல்லாம் பத்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. “மங்குக்கு ஏதாவது கிரீம் கொடுங்கண்ணா” என்று கவுண்டரில் கேட்டால், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த சின்ன டியூபை எடுத்து வைப்பது நம் ஊரில் சகஜம். கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய இரண்டு பொருட்கள் அந்த ஒரே டியூபில் இருக்கின்றன. பூசும் ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் அறிவிக்கை போட்டது. ஆனாலும் டியூபின் மேல் மூலையில் ‘ஆர்எக்ஸ்’ (Rx) குறி இருக்கிறதா என்று நாம்தான் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தால் அதன் மூன்று பெயரும் சதவீதத்தோடு அங்கேயே அச்சாகியிருக்கும். படித்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சரி, என்ன பூசினேன்? காலையிலும் இரவிலும் வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்கிரீன். மங்கைப் பொறுத்தவரை முக்கால்வாசி வேலையைச் செய்வது சன்ஸ்கிரீன்தான். கர்ப்ப கால ஹார்மோன்கள் நிறமிச் செல்களைத் தூண்டிவிடுகின்றன, அதன் மேல் வெயில் பட்டால் பழுப்பு ஆழமாகிறது. சென்னையில் ஏப்ரல், மே மாத நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். அது உச்ச அபாயப் பிரிவு. வீட்டுக்குள்தானே இருக்கிறோம் என்றாலும் ஜன்னல் கண்ணாடி வழியாகப் புற ஊதா ஏ கதிர் வரும்.

சன்ஸ்கிரீனிலும் இரண்டு வகை. ஆக்சிபென்சோன் போன்ற, புற ஊதாவை உறிஞ்சிக்கொள்ளும் வேதி வடிகட்டிகள் இரத்தத்தில் கலப்பதை 2019-இலும் 2020-இலும் அமெரிக்க மருந்துத் துறை நடத்திய ஆய்வுகள் காட்டின. கலந்தால் கெடுதல் என்று அவை சொல்லவில்லை. ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் பெரும்பாலும் தோலின் மேலேயே தங்கிவிடுகின்றன, அதனால் கர்ப்பிணிகளுக்கு முதலில் இவற்றைத்தான் சொல்வார்கள். சங்கடம் என்னவென்றால், நம் நிறத்துக்கு இவை சாம்பல் பூசின மாதிரி வெளுப்பாகத் தெரியும். ஸ்கூட்டரில் அடையாறிலிருந்து தி.நகர் போவதற்குள் வேர்வை இறங்கி, ஹெல்மெட் பட்டை உரசிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். இதற்கு நிறம் சேர்த்த வகையை வாங்கினால் இரண்டு வேலையும் நடக்கிறது. அந்த நிறத்துக்காகச் சேர்க்கும் அயர்ன் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது. மங்கை அந்த ஒளியும் கூட்டும் என்பதால், வெள்ளை சன்ஸ்கிரீனைவிட நிறமுள்ளது நமக்கு இன்னும் பொருத்தம். லேபிளில் மூன்று பெயரைத் தேடுங்கள்: ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, அயர்ன் ஆக்சைடு.

செலவை மறைக்க விரும்பவில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் பெட்டியில் போட்ட பாதுகாப்பு கிடைக்கும். காலையிலும் மதியத்திலும் பூசினால் 50 கிராம் டியூப் ஒரு மாதம்கூட வராது. பொடியோடு ஒப்பிட்டால் இது கையைக் கடிக்கும். நான் கிட்டுக்குப் போகவிருந்த காசை இதில் போட்டேன், 11 மணிக்கு மேல் வெளியே போனால் குடையும் பிடித்தேன். மங்கு முழுவதும் மறையவில்லை, ஆனால் படர்வது நின்றது. பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தானாக மங்கும், சிலருக்குத் தங்கிவிடும்.

முகப்பரு எனக்கு அதிகம் வரவில்லை, அதனால் அந்தப் பக்கம் என் அனுபவம் குறைவு. அசெலாயிக் அமிலமும் குறைந்த அளவு பென்சாயில் பெராக்சைடும் கர்ப்பத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டவை. அசெலாயிக் அமிலம் மங்குக்கும் உதவும். எந்தச் சதவீதம், எத்தனை வேளை என்பதைத் தோல் டாக்டரும் மகப்பேறு டாக்டரும்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம், இது கிரீமில் தீராதது. கடைசி மூன்று மாதத்தில் தடிப்போ பொரியோ எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, ராத்திரியில் அது கூடினால், வறட்சி என்று நினைத்து லோஷன் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் வரும் அரிப்பாக இருக்கலாம், அது குழந்தையையும் பாதிக்கக்கூடியது. அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். இரத்தத்தில் பித்த அமிலத்தையும் கல்லீரல் அளவுகளையும் பார்க்கச் சொல்வார்.